ஊற்று யாருடையது? பிரெட்டனியின் புனித நீரூற்றுகள் பற்றி ஒரு மறுபார்வை

பிரான்சின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரெட்டனியில் ஏறக்குறைய ஊருக்கு ஊர் ஒரு புனித ஊற்று உண்டு. பெரும்பாலானவை ஆளுயரத்தைத் தாண்டாதவை. கருங்கல்லில் ஒரு முகப்பு, அதன் மாடத்தில் புனிதர் ஒருவரின் சுரூபம், கீழே நீர் தேங்கும் தொட்டி, இறங்க நாலைந்து படிகள், இருபுறமும் உட்காரக் கல்திண்ணை. தொட்டி நிரம்பி வழியும் நீர் ஓடையாகி, சற்றுக் கீழே ஊர்ப் பெண்கள் துணி துவைத்த துறைக்குப் போய்ச் சேரும். குடிநீர், மாட்டுக்குத் தண்ணீர், அழுக்குத் துணி, கண்வலி, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே ஊற்று பார்த்துக்கொண்டது.

புனிதர்களுக்குள் வேலைப் பிரிவினையும் இருந்தது. தலைவலிக்கு ஒருவர், வாதநோய்க்கு இன்னொருவர். கார்னாக்கில் புனித கொர்னேலி மாடுகளைக் காப்பவர். செப்டம்பர் திருவிழாவில் மாடுகளை ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். வடகரையில் ஓர் ஊரில் திருமுழுக்கு யோவானின் விரல் என்று நம்பப்படும் திருப்பண்டம் இருக்கிறது. விரலின் பெயரே ஊர்ப் பெயரும் ஆயிற்று. அங்கே போனவர்கள் கண்நோய்க்காரர்கள். புளுமெலியோ ஊரின் புனித நிக்கொதேம் ஊற்று 1608ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஆகஸ்ட் திருவிழாவன்று கோபுரத்திலிருந்து கயிற்றின் வழியே ஒரு பொம்மைச் சம்மனசு சறுக்கி இறங்கி வந்து சொக்கப்பனைக்குத் தீ மூட்டும். இப்படிப்பட்ட திருவிழாக்களைப் பிரெட்டனியில் ‘பார்தோன்’ என்பார்கள். வந்து பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, பவனியில் நடந்தவருக்குப் பாவத் தண்டனை குறையும் என்று திருச்சபை வழங்கிய பலன்களிலிருந்து பிறந்த பெயர் அது.

இந்த ஊற்றுகளைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் ஒரே கதையைத்தான் சொல்லும். கெல்ட்டிய மக்கள் நீரைத் தெய்வமாக வணங்கினார்கள். திருச்சபையால் அதை அழிக்க முடியவில்லை. அழிக்க முடியாததன் மேல் ஒரு சிலுவையை நட்டு, தேவதைக்குப் புனிதையின் பெயரைச் சூட்டிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊற்றாக எடுத்துச் சான்றுகளைப் பார்த்தால் இந்தக் கதை பல இடங்களில் நிற்பதில்லை. நின்றாலும், கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்பதில்லை என்பதே என் குறை.

கையேட்டுக் கதையின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைய பிரான்சை உள்ளடக்கிய பழைய ‘கால்’ நாட்டில் ஊற்றுகளை வணங்கினார்கள் என்பதில் ஐயமே இல்லை. பிரான்சின் நடுப்பகுதியில் ஷமாலியேர் ஊற்றில் 1968 முதல் நடந்த அகழாய்வில் கை, கால், தலை என மரத்தில் செதுக்கிய நேர்த்திக்கடன் பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சேன் நதியின் தலையூற்றிலும் அதே கதை. ஆர்ல் நகரில் 5ஆம் நூற்றாண்டிலும் தூர் நகரில் 567இலும் கூடிய ஆயர் மன்றங்கள் மரம், கல், ஊற்று இவற்றின் முன் வணங்குவோரைக் கண்டித்தன. சார்லிமேன் 789இல் அதையே அரசாணையாக்கினார். யாரும் செய்யாத ஒன்றை இத்தனை முறை தடுக்க மாட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஷமாலியேரும் சேன் நதியின் தலையும் பிரெட்டனியில் இல்லை. 5ஆம் நூற்றாண்டுக்கும் 7ஆம் நூற்றாண்டுக்கும் இடையே பிரித்தானியத் தீவிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்களால்தான் பிரெட்டனி பிரெட்டனி ஆயிற்று. அவர்கள் தங்கள் மொழியையும் தங்கள் துறவிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரெனே லார்ஜிலியேர் 1925இல் வெளியிட்ட ஆய்வு, இடப்பெயர்களை வைத்து, இந்தப் புனிதர்களில் பலர் உண்மையிலேயே அந்த ஊர்களை நிறுவிய குருக்களாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டது. அப்படியானால் ஊற்றின் மாடத்தில் நிற்பவர் பெயர் மாற்றிக்கொண்ட பழைய தெய்வமாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஊரின் முதல் சாமியாராகவே இருக்கலாம். இன்னொன்று, இன்று நாம் பார்க்கும் கற்கட்டு பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. நடுவில் கிடக்கும் ஆயிரம் ஆண்டுகளைக் கையேடு ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

ஊற்றின் வயதைத் தேடுவதைவிட, எந்தக் காலத்தில் அது யார் கையில் இருந்தது என்று தேடுவது பயனுள்ளது. பெம்போன் காட்டிலுள்ள பராந்தோன் ஊற்று இதற்கு நல்ல உதாரணம். பிரெட்டனியின் ஊற்றுகளிலேயே மிகப் பழைய எழுத்துச் சான்று உள்ளவற்றுள் இது ஒன்று. புனிதர் இல்லை, சிற்றாலயம் இல்லை. கற்களுக்கு நடுவே ஒரு சிறு குழி, பக்கத்தில் ஒரு பாறைப் பலகை. நீர் குளிர்ந்திருக்கும், ஆனால் கொதிப்பதுபோல் அடியிலிருந்து குமிழி கிளம்பும். பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவின் வேலை அது. 12ஆம் நூற்றாண்டில் வாஸ் என்ற நார்மன் கவிஞர், வெயில் காலத்தில் வேடர்கள் அங்கே போய் நீரை மொண்டு கல்லின்மேல் ஊற்றினால் மழை பெய்யும் என்று மக்கள் சொல்வதைப் பதிவு செய்தார். அதோடு நிற்காமல் நேரில் போய்ப் பார்த்தார். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முட்டாளாகப் போய் முட்டாளாகத் திரும்பினேன் என்ற பொருளில் தன்னையே நொந்துகொண்டார். பிரெட்டனி ஊற்றுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் இதுதான். பின்னால் வந்தவர்கள் பலருக்கு இந்த நேர்மை வாய்க்கவில்லை. வாஸுக்குச் சில ஆண்டுகள் கழித்து கிரேத்தியான் த துருவா என்ற கவிஞர் அதே ஊற்றைத் தன் ஆர்தர் அரசன் கதையில் வைத்தார். அங்கே கல்லில் நீர் பட்டதும் புயலே எழும்.

1467இல் அந்தக் காட்டின் உரிமைகளையும் வழக்கங்களையும் எழுதிவைத்த ஓர் ஆவணம் இருக்கிறது. அதில் மழை வரவழைப்பது மோன்ஃபோர் பிரபுவின் தனியுரிமைகளில் ஒன்றாக நிற்கிறது. அவர் வந்து கல்லில் நீர் தெளித்தால், எவ்வளவு வெயிலாக இருந்தாலும் மழை பெய்யுமாம். வேடர்களின் வழக்கம் பிரபுவின் சொத்துரிமை ஆகிவிட்டது. பிறகு 19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், 1835 வறட்சியில் கொங்கோரே பங்குமக்கள் சிலுவையும் கொடியுமாகப் பவனியாய்ப் போக, பங்குக்குரு ஊற்று நீரைக் கொண்டு சடங்கை நடத்துகிறார். இன்று வருபவர்கள் ஆர்தர் கதைகளின் மெர்லின் மந்திரவாதியைத் தேடி வருகிறார்கள். நீர் ஒன்று, கல் ஒன்று. வேடர், பிரபு, பங்குக்குரு, சுற்றுலாப் பயணி என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் ‘மாறாத பழைய நம்பிக்கை’ என்று எதைச் சுட்டுவது?

ஃபோல்குவெத் பேராலயத்தின் கதை இன்னும் கூர்மையானது. 14ஆம் நூற்றாண்டில் சலாவூன் என்ற பேதை ஒருவன் காட்டில் ஓர் ஊற்றின் பக்கத்தில் மரத்தடியில் கிடந்தான். பிச்சை எடுத்த ரொட்டியை ஊற்று நீரில் தோய்த்துத் தின்பான். குளிரிலும் மரக்கிளையைப் பிடித்துத் தொங்கி ஆடிக்கொண்டு ‘அவே மரியா’ என்பான். வேறு பேச்சு அவனுக்குத் தெரியாது. அப்போது பிரெட்டனியின் கோமகன் பட்டத்துக்காக ப்ளுவா கட்சியும் மோன்ஃபோர் கட்சியும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டிக்கொண்டிருந்தன. சிப்பாய்கள் பிடித்து எந்தக் கட்சி என்று கேட்டபோது, இரண்டும் இல்லை, நான் மரியன்னையின் ஆள் என்றானாம். அவன் 1358இல் செத்தபின் கல்லறையில் ஒரு லீலி மலர் முளைத்தது. தோண்டிப் பார்த்தால் வேர் அவன் வாயிலிருந்து கிளம்பியிருந்தது என்கிறது மரபு. 1364இல் ஓரே என்ற ஊரருகே நடந்த போரில் வென்ற மோன்ஃபோர் கட்சியின் நான்காம் யோவான் அங்கே ஆலயம் கட்ட நேர்ந்துகொண்டார். அவர் மகன் அதை முடித்தார். 1423இல் குருக்கள் குழாம் கொண்ட பெருங்கோவிலாக உயர்ந்தது. எந்தக் கட்சியும் வேண்டாம் என்றவனின் ஊற்றுக்கு மேல் வென்ற கட்சி தன் கோவிலைக் கட்டியது. ஊற்று இன்றும் முதன்மைப் பீடத்துக்கு அடியில் பிறந்து, சுவரைத் தாண்டி வெளியே உள்ள தொட்டியில் விழுகிறது. இதில் கெல்ட்டியத் தேவதை எவளும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பேதை, ஒரு போர், கட்டியவர்களின் கணக்கு, இவை போதும்.

சாந்த் ஆன் தோரே ஊற்றுக்கு வருவோம். பிரெட்டனியின் மிகப் பெரிய திருத்தலம் இது. விவாதமும் இங்கேதான் அதிகம். 1623இல் இங்கே, கெரானா என்ற சிற்றூரில் இவோன் நிகொலாசிக் என்ற உழவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், பிரெட்டன் மொழி மட்டும் பேசுபவர். ஒரு மாலை மைத்துனருடன் எருதுகளை நீர் காட்ட ஊற்றுக்கு ஓட்டிப்போனபோது எருதுகள் மிரண்டு பின்வாங்கின. ஊற்றருகே வெண்ணுடையில் ஒளி சூழ்ந்த பெண்ணொருத்தி நின்றிருந்தாள். 1624 ஜூலை 25 இரவு அவள் பேசினாள்: தான் மரியாவின் தாய் அன்னா, பொசெனோ என்ற வயலில் 924 ஆண்டுகளும் ஆறு மாதங்களும் முன்பு தனக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது, அதை மீண்டும் கட்ட வேண்டும். அந்த வயலில் ஓரிடத்தில் மட்டும் எருதுகள் ஏர் இழுக்க மறுக்கும் என்பது ஊருக்கு ஏற்கனவே தெரியும். பங்குக்குரு நம்பவில்லை, கடிந்து அனுப்பினார். 1625 மார்ச் 7 இரவு நிகொலாசிக்கும் அண்டை வீட்டாரும் வயலில் தோண்டி ஒரு பழைய மரச் சுரூபத்தை எடுத்தார்கள். ஆயர் செபஸ்தியான் த ரொஸ்மாதெக் விசாரணைக்குப் பின் அனுமதி தர, அதே ஆண்டு ஜூலை 26இல் முதல் பூசை நடந்தது. பதினான்காம் லூயி பிறந்ததற்கு நன்றியாக அரச தம்பதியர் 1639இல் புனித அன்னாவின் திருப்பண்டம் ஒன்றை அனுப்பினார்கள்.

இங்கே இரண்டு அணிகள் மோதுகின்றன. ஓர் அணிக்கு அன்னா என்பவள் அயர்லாந்துக் கதைகளில் வரும் அனு என்ற தாய்த்தெய்வத்தின் மறுவடிவம். கெரானா என்ற ஊர்ப் பெயரிலேயே ‘ஆனா’ இருக்கிறதே என்பார்கள். தோண்டி எடுத்த சுரூபம் ரோமானிய காலத்துத் தாய்த்தெய்வமாக இருக்கலாம் என்பதும் அவர்கள் ஊகம். கிடைத்த சுரூபத்தைக் கப்புச்சின் துறவிகள் சிற்பியிடம் கொடுத்துச் செப்பனிட்டார்கள் என்பது அந்த ஊகத்துக்கு எரிநெய். மற்ற அணியோ, 15ஆம் நூற்றாண்டில் புனித அன்னாவின் பக்தி ஐரோப்பா முழுவதும், ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும்கூட, பெருகிக் கிடந்ததே, அங்கெல்லாம் அயர்லாந்துத் தெய்வமா போனாள் என்று திருப்பிக் கேட்கும். இரண்டாம் அணியின் கேள்விக்குப் பலம் அதிகம். சுரூபத்தை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அதை எரித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு இன்றைய சுரூபத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் கவனிக்காத ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழமையைக் கோருவது கதையே. நாட்டுப்புற ஆய்வாளர் வந்து சொல்வதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, ஊற்றருகே நின்ற அன்னா தன் கோவிலின் வயதை மாதக் கணக்கோடு சொல்லிவிட்டாள். ஓர் உழவர், தன் குருவுக்கும் ஆயருக்கும் முன்னால் நின்று, இது புதிதல்ல, மறந்துபோன பழையது என்று வாதாடுகிறார். புதுமைக்கு அஞ்சிய காலத்தில் அதைவிட நல்ல வாதம் கிடையாது. வெற்றியும் பெற்றார். ஆனால் வென்றபின் ஊற்றும் வயலும் அவர் கையில் இல்லை, கார்மேல் சபைத் துறவிகளின் பொறுப்புக்குப் போயின. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1914இல் அன்னாவைப் பிரெட்டனியின் பாதுகாவலி என்று அறிவித்தார். முதல் உலகப் போரில் மடிந்த பிரெட்டன் வீரர்களின் நினைவுச் சின்னம் எழுந்ததும் இந்த ஊரில். 1996 செப்டம்பர் 20இல் இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்தார்.

ஊற்றில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நோயுற்ற குழந்தையின் சட்டையை நீரில் போடுவார்கள். மிதந்தால் பிள்ளை பிழைக்கும், மூழ்கினால் இல்லை. மணமாகாத பெண்கள் தங்கள் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியைப் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் அந்த ஆண்டே கல்யாணம். பிளெஸ்தான் ஊரில் புனித எஃப்லாம் ஊற்றில் சந்தேகப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி ரொட்டித் துண்டுகளைப் போட்டுத் திருடனைக் கண்டுபிடிப்பார்கள். திருவிழா நாட்களில் ஊற்றருகே பெண்கள் காத்திருந்து, வருபவரின் கழுத்திலும் சட்டைக்கைக்குள்ளும் நீரை ஊற்றிவிட்டுச் சில்லறை வாங்குவார்கள். மிஷெல் லெ நோப்லெ என்ற மறைபோதகர் (1577–1652) பிரெட்டனியின் மேற்கில் ஊர் ஊராய்ச் சுற்றியவர். 1666இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு, புத்தாண்டு நாளில் மக்கள் ஊர் ஊற்றுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி படைத்ததையும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டு போட்டு அவை மிதக்கும் விதத்தை வைத்து அந்த ஆண்டு யார் சாவார் என்று பார்த்ததையும் கவலையோடு பதிவு செய்கிறது.

இந்த வரலாறு இரு பக்கமும் வெட்டும். திருச்சபை சொல்லிக்கொடுக்காத சடங்குகள் 17ஆம் நூற்றாண்டிலும் இருந்தன என்பதற்கு அது சான்று. அதை எழுதியவர்களே சடங்குகளைத் திருத்த வந்தவர்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது. அவர்கள் ஊற்றை மூடவில்லை; மாடம் கட்டிச் சுரூபம் வைத்தார்கள், பூசை நாள் குறித்தார்கள், காணிக்கைப் பெட்டி வைத்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுப் பார்தோன் விழாக்களை ஆராய்ந்த ஜார்ஜ் ப்ரோவோவின் நூல் (1998), இவற்றின் வளர்ச்சியில் அந்த இரு நூற்றாண்டுகளின் பங்கு எவ்வளவு பெரிது என்று காட்டுகிறது. நினைவுக்கெட்டாத காலத்தது என்று நாம் நினைக்கும் பலவற்றின் உருவம் அப்போது அமைந்தது.

அப்படியானால் ‘கெல்ட்டிய மிச்சம்’ என்ற கதை எங்கிருந்து வந்தது? அதற்கும் தேதி உண்டு. புரட்சிக்குப் பின் 1794, 1795இல் ஃபினிஸ்தேர் மாவட்டத்தைச் சுற்றிய அரசு அலுவலர் ஜாக் காம்ப்ரி, வழியில் கண்ட ஊற்றுச் சடங்குகளையெல்லாம் எழுதினார். பின்னர் பாரிசில் கெல்ட்டியக் கழகம் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவரும் அவரே. படித்த வர்க்கம் தன் நாட்டுக்கு ரோமைவிடப் பழைய பெருமை தேடிய காலம் அது. உழவர் வீட்டுச் சட்டையும் ஊசியும் கெல்ட்டியப் பூசாரிகளான துருயிதுகளின் சமயமாக ஏற்றம் பெற்றன. 1907இல் பியேர் செந்தீவ் வெளியிட்ட நூல் தலைப்பிலேயே புனிதர்களைத் தெய்வங்களின் வாரிசுகள் என்றது. இதே காலத்தில் போல் செபியோவும் அனத்தோல் லெ பிராஸும் செய்த களப்பணி விலைமதிப்பற்றது. லெ பிராஸின் பார்தோன் நூல் (1894) இல்லாவிட்டால் பல சடங்குகள் நமக்குத் தெரியவே வராது. ஆனால் அவர்கள் கண்டதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஏற்றிய வயதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஊற்று ஒன்றும் இல்லையா? போ ஊருக்கருகே கினிப்பிலியில் ஒன்று உண்டு. நெற்றியில் பட்டை கட்டிய ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒரு கற்பெண் நிற்கிறாள்; கீழே ஊற்றும் பெரிய கல்தொட்டியும். முன்பு அவள் காஸ்தெனெக் குன்றில் நின்றபோது, பிள்ளை பெற்ற பெண்கள் அந்தத் தொட்டியில் குளிப்பார்களாம். 17ஆம் நூற்றாண்டில் திருச்சபை அதிகாரிகள் சிலையைப் பிளாவே ஆற்றில் தள்ளச் செய்தார்கள், ஊரார் மீட்டெடுத்தார்கள், மறுபடியும் தள்ளினார்கள். கடைசியில் 1696இல் ஒரு பிரபு அதைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். சரியான புறச்சமயத் தெய்வம் என்று தோன்றும். ஆனால் பிரபு கொண்டுபோனபோது அதை மறுபடி செதுக்கினார் என்ற பழைய குற்றச்சாட்டு ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கும் நமக்குக் கிடைப்பது யார் சிலையை வைத்துக்கொள்வது என்ற தகராறு.

கடைசியாக, மிகப் புதிய உரிமையாளர்கள். வியூ மார்ஷே ஊரில் ஏழு புனிதர் சிற்றாலயம் 1703க்கும் 1714க்கும் இடையில், ஒரு பெருங்கற்காலக் கல்லறையையே தன் நிலவறையாக்கிக் கட்டப்பட்டது. எபேசு நகரில் குகைக்குள் பல நூற்றாண்டு தூங்கி எழுந்த ஏழு இளைஞர்களே அந்தப் புனிதர்கள். சற்றுத் தள்ளி உள்ள ஊற்றில் நீர் ஏழு துளைகள் வழியே வருகிறது. குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் சொல்லும் குகைவாசிகளும் அவர்களே. வெள்ளிக்கிழமைகளில் அல்கஹ்ஃப் என்ற அந்த அத்தியாயத்தை ஓதும் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு இந்தக் கதை புதிதாயிராது. இஸ்லாமிய ஆய்வறிஞர் லூயி மாசிஞோன், அல்ஜீரியாவில் சேத்திஃப் பக்கத்தில் இதுபோன்ற ஏழு துளை ஊற்று இருப்பதைக் கண்டு வியந்தார். 1954இல் அவர் இந்தக் கிராமத் திருவிழாவோடு ஒரு கிறிஸ்தவ–முஸ்லிம் யாத்திரையை இணைத்தார். அதே ஆண்டு நவம்பரில் அல்ஜீரியப் போர் வெடித்தது. யாத்திரை நிற்கவில்லை. இன்றும் ஊர்ச் சொக்கப்பனையும் பிரெட்டன் பாடலும் பூசையும் குர்ஆன் ஓதலும் ஒரே விழாவில் நடக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை பிரெட்டன் ஊற்று மரபில் 20ஆம் நூற்றாண்டின் மிக உயிருள்ள சடங்கு இதுதான். பிறந்த ஆண்டு தெரிந்திருப்பதால் அதை யாரும் போலி என்பதில்லை. அந்தச் சலுகையை மற்ற ஊற்றுகளுக்கும் தரலாமே.

1950களுக்குப் பிறகு குழாய்நீர் வந்தது; ஊற்றுக்குப் போகும் அன்றாடத் தேவை போயிற்று; பாதைகளில் முள் மண்டியது. சிற்றாலயங்களையும் ஊற்றுகளையும் மீட்க உள்ளூர்ச் சங்கங்கள் எழுந்து பலவற்றைத் துப்புரவு செய்திருக்கின்றன. ஆனால் நீர் பழைய நீர் இல்லை. பிரான்சின் பன்றிகளில் பாதிக்கு மேல் பிரெட்டனியில் வளர்கின்றன. பண்ணைக் கழிவும் உரமும் நிலத்தடிக்கு இறங்கிவிட்டன. குடிநீருக்கு எடுக்கும் ஆற்றுநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற நைட்ரேட் வரம்பைக் காக்கத் தவறியதற்காக 2001இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பல புனித ஊற்றுகளில் இன்று ‘குடிக்க உகந்த நீரல்ல’ என்ற பலகை தொங்குகிறது.

பிரெட்டனி போகும் வாய்ப்புள்ள வாசகருக்கு ஒரு வார்த்தை. கையேட்டில் துருயிதுகளைத் தேடாமல், முகப்புக் கல்லில் வெட்டிய ஆண்டையும் கொடுத்தவர் பெயரையும் தேடிப் பாருங்கள். ஊற்றின் கதை அங்கிருந்து தொடங்கும். சாந்த் ஆன் தோரேயின் பெருவிழா ஜூலை 26, வியூ மார்ஷேயில் ஜூலை நான்காம் ஞாயிறு. எந்த ஆண்டானாலும் இரண்டுக்கும் இடையே நான்கு நாட்களுக்கு மேல் இருக்காது. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.